இரண்டு சட்டை, ஒரே கல்லாப்பெட்டி: கிளாஸ்கோ கால்பந்தும் கிறித்தவப் பிளவும்



1909 ஏப்ரல் 17. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஹாம்டன் பார்க் மைதானம். ஸ்காட்டிஷ் கோப்பைக்கான இறுதிப் போட்டி. ஒரு வாரத்துக்கு முன்னால் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் 2-2 என்று சமனில் முடித்திருந்தன. அன்று நடந்த மறு ஆட்டமும் 1-1. கூடுதல் நேரம் ஆடித் தீர்த்துவிடுவார்கள் என்று கூட்டம் காத்திருந்தது. உள்ளே போன ஆட்டக்காரர்கள் திரும்பி வரவில்லை. இன்னொரு நாள், இன்னொரு ஆட்டம், இன்னொரு முறை டிக்கெட் என்று புரிந்ததும் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். டிக்கெட் கூண்டுகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களை அறுத்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். அந்த ஆண்டு கோப்பை யாருக்குமே வழங்கப்படவில்லை.

செல்டிக் என்றால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட் என்று உலகம் அறிந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த மாலையில் இரு தரப்பு ரசிகர்களும் தோளோடு தோள் நின்று கலவரம் செய்தார்கள். வசூலுக்காகவே ஆட்டத்தைச் சமன் செய்து இழுக்கிறார்கள் என்ற சந்தேகம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

கிளாஸ்கோவின் கால்பந்துப் பகையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மதத்தோடு நின்றுவிடும். இந்த உரை அதன் வரவு செலவையும் புரட்டிப் பார்க்கிறது. பிளவைக் கால்பந்து உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது. தேவாலயங்களில் கூட்டம் குறைந்த பிறகும் அந்தப் பிளவுக்கு இடமும் நாளும் வருமானமும் கொடுத்து வளர்த்தது கால்பந்து.

1. பஞ்சம் தந்த கழகம்

ஸ்காட்லாந்து 1560இல் ரோமோடு உறவை முறித்துக்கொண்ட நாடு. அங்கே புராட்டஸ்டன்ட் திருச்சபை என்பது வழிபாட்டு முறை மட்டுமல்ல, தேச அடையாளமும்கூட. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். குறுகிய கடலைத் தாண்டினால் கிளாஸ்கோ. அங்கே வந்து இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர்; கையில் காசில்லாதவர்கள். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் கிடைத்த கூலிக்கு உழைத்தார்கள். எங்கள் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்ற கோபம் உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு. அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து புராட்டஸ்டன்டுகளும் வந்தார்கள். 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்க மன்னரைப் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் வென்றதைக் கொண்டாடும் ஆரஞ்சு சங்கத்தையும் அதன் ஜூலை மாத ஊர்வலங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அயர்லாந்தின் சண்டை இப்படியாக கிளாஸ்கோவில் வாடகைக்கு வீடு பிடித்தது.

நகரின் கிழக்குப் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்திய மாரிஸ்ட் சபைத் துறவி வால்ஃப்ரிட். இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்துக்காரர். பிள்ளைகள் பட்டினியோடு பள்ளிக்கு வருவதைப் பார்த்து மதிய உணவுத் திட்டம் தொடங்கினார். அதற்குப் பணம் வேண்டும். எடின்பரோவில் ஐரிஷ் கத்தோலிக்கர் 1875இல் தொடங்கிய ஹிபர்னியன் கழகம் 1887இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்று காட்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, புனித மரியன்னை ஆலயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் செல்டிக் பிறந்தது. ஏழைப் பிள்ளைகளின் சோற்றுக்காகத் தொடங்கிய கழகம் அது.

1888 மே 28ஆம் தேதி அது ஆடிய முதல் ஆட்டம் ரேஞ்சர்ஸோடுதான். 5-2 என்று செல்டிக் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் அதே ஆலயக் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து விருந்துண்டு பாட்டுக் கேட்டார்கள். ரேஞ்சர்ஸ் 1872இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய கழகம். அதன் பிறப்பில் மதத்துக்கு வேலையே இல்லை. ஐரிஷ்காரர்களின் அணி வென்றுகொண்டே போக, அதை வீழ்த்தக்கூடிய ஸ்காட்லாந்து அணி எது என்று தேடியவர்களின் கண் ரேஞ்சர்ஸ்மீது விழுந்தது. 1912இல் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனம் ரேஞ்சர்ஸ் மைதானத்துக்கு அருகே கோவன் பகுதியில் கப்பல் கட்டும் தளம் திறந்தது. பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் தொழிலாளிகள் அந்த அடையாளத்தை இன்னும் இறுக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் பலரும் கருதுகிறார்கள்.

இதற்கிடையில் செல்டிக்கின் கதையும் திசை மாறிவிட்டது. 1892இல் வால்ஃப்ரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கழகம் லிமிடெட் கம்பெனி ஆனது. தர்மத்துக்குப் போன பணம் சுருங்கியது. 1904இல் ஒரு விளையாட்டு ஏடு கேலிச்சித்திரம் வெளியிட்டது. மார்பிலும் முதுகிலும் விளம்பரப் பலகை மாட்டிய ஒரு கிழவர்; ரேஞ்சர்ஸ், செல்டிக் லிமிடெட் என்ற ‘ஓல்ட் ஃபர்ம்’ (பழைய கம்பெனி) கடைக்கு ஆதரவு தாருங்கள் என்கிறது பலகை. இன்றுவரை இந்த இணைக்கு நிலைத்திருக்கும் பெயர் அதுவே. பகையைக் குறிக்கப் புழங்கும் பெயரின் மூலம், இருவரும் சேர்ந்து கடை நடத்துகிறார்கள் என்ற கிண்டல்.

2. சொல்லப்படாத விதி

முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஸ்காட்லாந்தில் வேலையின்மை. கப்பல் தளங்கள் வெறிச்சோடின. 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையில் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. ஐரிஷ் இனத்தால் ஸ்காட்லாந்து தேசியத்துக்கு ஆபத்து என்பதே அதன் பொருள். (2002இல் திருச்சபை அதற்காக வருத்தம் தெரிவித்தது.) கிழக்குக் கிளாஸ்கோவின் பிரிட்ஜ்டன் பகுதியில் பில்லி ஃபுல்லர்ட்டன் தலைமையில் ‘பில்லி பாய்ஸ்’ என்ற கும்பல் சவரக்கத்தியோடு திரிந்தது. அவர்களைப் போற்றும் பாட்டு பின்னாளில் ரேஞ்சர்ஸ் கேலரிகளில் ஒலித்தது. ‘எந்தப் பள்ளியில் படித்தாய்?’ என்ற கேள்விக்கு வேலை கேட்டு வந்தவன் சொல்லும் பதிலிலேயே அவன் மதம் தெரிந்துவிடும். 1918 கல்விச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசு செலவில் தனித்தே நடத்த வழி செய்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் ரேஞ்சர்ஸில் எங்கும் எழுதி வைக்கப்படாத ஒரு விதி வேர் பிடித்தது: கத்தோலிக்க ஆட்டக்காரரை எடுப்பதில்லை. போருக்கு முன் அங்கே கத்தோலிக்கர் சிலர் ஆடியதுண்டு. பிறகு கதவு சாத்தப்பட்டது.

செல்டிக்கில் அப்படியொரு கதவு இல்லை. புராட்டஸ்டன்ட் ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கலாம் என்று 1890களில் ஒரு யோசனை எழுந்தபோது கழகம் அதை ஏற்கவில்லை. 1936இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியைச் சேர்ந்த முகமது சலீம் செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக இரு ஆட்டங்கள் ஆடினார். காலணி போடாமல், பாதங்களில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு ஆடிய அந்த முஸ்லிம் இளைஞரின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ரேஞ்சர்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில், ரேஞ்சர்ஸ் ரசிகராகவே வளர்ந்த கென்னி டால்கிளிஷ் புகழ் பெற்றது செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சட்டையில். 1965இல் செல்டிக் மேலாளரான ஜாக் ஸ்டீன் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் புராட்டஸ்டன்ட். அவரது அணி 1967 மே 25இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தது. பிரிட்டனிலிருந்து அதை வென்ற முதல் கழகம். ஆட்டக்காரர் அனைவரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி முப்பது மைல் வட்டாரத்தில் பிறந்தவர்கள்.

ஒரே திறமையுள்ள கத்தோலிக்கப் பையனும் புராட்டஸ்டன்ட் பையனும் இருந்தால் யாரை முதலில் எடுப்பீர்கள் என்று ஸ்டீனைக் கேட்டார்களாம். புராட்டஸ்டன்ட் பையனை என்றாராம் அவர். மற்றவனை ரேஞ்சர்ஸ் எடுக்கப்போவதில்லை என்பது தெரியுமே! வேடிக்கையாகச் சொல்லப்படும் கதைதான். ஆனால் பாதி ஊரின் பிள்ளைகளை வேண்டாம் என்று ஒதுக்கிய கழகம் இழந்தது எவ்வளவு என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

அந்த விதி ஆட்டக்காரரின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தது. 1967இல் டன்ஃபர்ம்லைனிலிருந்து 65,000 பவுண்டுக்கு ரேஞ்சர்ஸ் ஒருவரை வாங்கியது. ஸ்காட்லாந்துக் கழகங்களுக்கிடையே அன்று அது சாதனைத் தொகை. அவர் மனைவி கத்தோலிக்கர். திருமணம் கத்தோலிக்க ஆலயத்தில் நடந்ததா என்று விசாரித்தார்கள். பதிவு அலுவலகத்தில் என்று சொன்னபோதுதான் நிம்மதி அடைந்தார்கள் என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராக உலகம் அறிந்த அலெக்ஸ் ஃபெர்குசன்தான் அவர்.

1976இல் ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் கலவரத்தால் பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லாவோடு நடந்த நட்பு ஆட்டம் பாதியில் நின்றது. இனிக் கத்தோலிக்கரையும் எடுப்போம் என்று நிர்வாகம் பகிரங்கமாக அறிவித்தது. அது சொல்லளவில் பதின்மூன்று ஆண்டுகள் நின்றது. 1989 மே மாதம், கத்தோலிக்கரும் பழைய செல்டிக் வீரருமான மோ ஜான்ஸ்டன் மீண்டும் செல்டிக் சட்டையோடு பத்திரிகையாளர் முன் நின்றார். ஜூலை 10ஆம் தேதி ரேஞ்சர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. மேலாளர் கிரேம் சூனஸின் துணிச்சல் அது. ரசிகர் சிலர் கழுத்துத் துண்டைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். நவம்பரில் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஜான்ஸ்டன் கோல் போட்டார். அதே கேலரிகள் ஆர்ப்பரித்தன.

கதவு திறந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? 1999 மே 29, கோப்பை இறுதிப் போட்டியில் ரேஞ்சர்ஸ் செல்டிக்கை வீழ்த்தியது. ரேஞ்சர்ஸ் கேப்டன் இத்தாலியக் கத்தோலிக்கரான லொரென்சோ அமொரூசோ. அன்றிரவுக் கொண்டாட்டத்தில் கத்தோலிக்கரை இழிவுபடுத்தும் பாடல்களைப் பாடியது படமாகி வெளியானதால், கழகத்தின் துணைத் தலைவரும் புகழ்பெற்ற வழக்கறிஞருமான டொனால்ட் ஃபிண்ட்லே பதவி விலகினார்.

3. பகைவர்களின் கூட்டு

மேடையில் பகை, கணக்கறையில் உறவு என்பதற்கு 1952 நல்ல சான்று. செல்டிக் மைதானத்தில் பறந்த அயர்லாந்துக் கொடியை இறக்க வேண்டும் என்று ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கம் உத்தரவிட்டது. செல்டிக் தலைவர் ராபர்ட் கெல்லி மறுத்தார். கழகத்தையே இடைநிறுத்தும் அளவுக்கு விவகாரம் போனது. அப்போது செல்டிக்கின் பக்கம் நின்ற கழகங்களில் ரேஞ்சர்ஸும் ஒன்று! செல்டிக் இல்லாத லீக்கில் ரேஞ்சர்ஸ் யாரோடு மோதி மைதானத்தை நிரப்பும்?

1980களில் தொடங்கி, இடைவெளி விட்டுப் பல ஆண்டுகள் இரு கழகச் சட்டைகளிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருந்தது. 2003 முதல் கார்லிங் பீர். 2010 முதல் டென்னென்ட்ஸ் பீர். ஒரு சட்டையில் மட்டும் பெயர் போட்டால் நகரின் மறுபாதி வாடிக்கை போய்விடும் என்று விளம்பரதாரர்களுக்குத் தெரியும். ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக்கின் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் ஆண்டுக்கு நான்கு முறை இவ்விரு அணிகளும் மோதும் என்பதை நடுவில் வைத்தே பேசப்பட்டன. 2012இல் வரிப் பாக்கியும் கடனும் கழுத்தை நெரித்து ரேஞ்சர்ஸ் நிறுவனம் கலைக்கப்பட்டது. புதிய நிறுவனத்தின் கீழ் அணி நான்காம் நிலை லீக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த நான்கு ஆட்டங்கள் இல்லாமல் லீக் எப்படிப் பிழைக்கும் என்று நிர்வாகிகள் பதறியதை நாடே பார்த்தது.

இரு தரப்பும் உண்மையாகவே ஒன்றான நேரங்களும் உண்டு. 1931 செப்டம்பர் 5, ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம். செல்டிக்கின் 22 வயது கோல்கீப்பர் ஜான் தாம்சன், ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்லிஷின் காலடியில் பாய்ந்து பந்தைத் தடுத்தபோது மண்டை உடைந்தது. ரேஞ்சர்ஸ் கேலரியில் எழுந்த ஆரவாரத்தை அவ்வணியின் கேப்டன் மைக்கிள்ஜான் கையை உயர்த்தி அடக்கினார். தாம்சன் அன்றிரவே இறந்தார். செல்டிக் ரசிகர்கள் இன்றும் போற்றும் அந்த இளைஞர் புராட்டஸ்டன்ட். 1971 ஜனவரி 2இல் ஐப்ராக்ஸின் 13ஆம் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் மாண்டார்கள். அம்மாதமே இரு அணி ஆட்டக்காரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, நிவாரண நிதிக்காக ஸ்காட்லாந்து அணியோடு ஆடினார்கள்.

ஆனால் 1980இல் இவ்விரு அணிகளும் மோதிய கோப்பை இறுதிப் போட்டி முடிந்ததும் ஹாம்டன் களத்தில் பாட்டில்கள் பறந்தன. குதிரைப் போலீஸ் இறங்கியது. அதற்குப் பிறகே ஸ்காட்லாந்து மைதானங்களில் மதுவைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

4. பெல்ஃபாஸ்ட் காட்டும் எல்லை

கூட்டுக்கடை நடத்தக்கூட முடியாத அளவுக்குப் பகை முற்றினால் என்ன ஆகும் என்பதை வட அயர்லாந்து காட்டுகிறது. பெல்ஃபாஸ்ட் செல்டிக் 1891இல் தொடங்கிய கழகம். மேற்கு பெல்ஃபாஸ்ட் கத்தோலிக்கரின் செல்லப்பிள்ளை. ஆனால் அங்கே புராட்டஸ்டன்டுகளும் ஆடினார்கள். 1948 டிசம்பர் 27, விண்ட்சர் பார்க்கில் புராட்டஸ்டன்டுகளின் அணியான லின்ஃபீல்டோடு ஆட்டம். 1-1 என்று முடிந்ததும் கூட்டம் களத்துக்குள் புகுந்தது. பெல்ஃபாஸ்ட் செல்டிக்கின் ஜிம்மி ஜோன்ஸை அடித்து அவர் காலை முறித்தார்கள். ஜோன்ஸ் ஒரு புராட்டஸ்டன்ட். அடித்தவர்கள் பார்த்தது அவர் அணிந்திருந்த சட்டையை.

அந்தப் பருவத்தோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கிலிருந்தே விலகியது. 1949இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து, நியூயார்க்கில் ஸ்காட்லாந்து தேசிய அணியை 2-0 என்று வென்றது. பிறகு லீக்குக்குத் திரும்பி வரவே இல்லை. அதன் மைதானத்தில் முதலில் நாய்ப் பந்தயம் நடந்தது; இப்போது வணிக வளாகம் நிற்கிறது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே விண்ட்சர் பார்க்கில் நீல் லென்னன். கத்தோலிக்கரான அவர் இங்கிலாந்துக் கழகங்களில் ஆடிய காலத்திலேயே வட அயர்லாந்து தேசிய அணிக்கும் ஆடிவந்தார். பெரிய எதிர்ப்பு இல்லை. 2000 டிசம்பரில் கிளாஸ்கோ செல்டிக்கில் சேர்ந்தார். அடுத்த சில மாதங்களுக்குள் சொந்த நாட்டு ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். 2002இல் தேசிய அணிக்குத் தலைமை தாங்க வேண்டிய நாளில் கொலை மிரட்டல் வந்தது. சர்வதேச ஆட்டத்திலிருந்தே அவர் விலகினார். 2011இல் செல்டிக் மேலாளராக இருந்தபோது அவருக்கு வெடிப்பொருள் பார்சல் அனுப்பப்பட்டது. லென்னனின் மதம் பிறப்பிலிருந்தே ஒன்றுதான், மாறியது கழகம்.

5. லிவர்பூல் ஏன் பிளக்கவில்லை?

கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் நெருங்கி வாழும் தொழில் நகரம் என்றால் கால்பந்தும் இப்படிப் பிளவுபட்டே தீரும் என்று தோன்றலாம். லிவர்பூல் அதை மறுக்கிறது. பஞ்சத்தில் தப்பிய ஐரிஷ்காரர்கள் அங்கேயும் பெருந்திரளாக இறங்கினார்கள். 1909இல் அங்கே கடுமையான மதக் கலவரம் நடந்தது. ஐரிஷ் தேசியவாதி டி.பி. ஓ’கானர் 1885 முதல் 1929 வரை அந்நகரின் ஒரு தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர். மறுபக்கம் புராட்டஸ்டன்ட் கட்சி என்ற பெயரிலேயே நகர்மன்றத்தில் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

அப்படியிருந்தும் எவர்டன், லிவர்பூல் கழகங்கள் மதத்தால் பிரியவில்லை. எவர்டன் 1878இல் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில் தொடங்கியது. 1892இல் வாடகை உள்ளிட்ட தகராறால் தன் மைதானமான ஆன்ஃபீல்டை விட்டு வெளியேறியது. மைதானத்தின் சொந்தக்காரரான பீர் உற்பத்தியாளர் ஜான் ஹோல்டிங், காலியான மைதானத்தை நிரப்ப லிவர்பூல் கழகத்தைத் தொடங்கினார். இரண்டில் எதுவும் ஒரு சமூகத்தின் சொத்தாகப் பிறக்கவில்லை. எதுவும் மதம் பார்த்து ஆட்டக்காரரை ஒதுக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் லிவர்பூலின் சிவப்பு, தம்பி எவர்டனின் நீலம். லிவர்பூலில் மதப் பகை மெல்ல வடிந்தபோது அதைத் தேக்கி வைக்க ஒரு மைதானம் இல்லை. கிளாஸ்கோவில் இரண்டு இருந்தன.

6. நம்பிக்கை குறைந்தது, பாட்டு குறையவில்லை

2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 51.1 விழுக்காட்டினர் தமக்கு மதமே இல்லை என்றார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர் 20.4 விழுக்காடு, கத்தோலிக்கர் 13.3 விழுக்காடு. மத வெறுப்பின் பேரில் பதிவான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலான ஆண்டுகளில் பாதிக்கும் மேல் அந்தச் சிறுபான்மைக் கத்தோலிக்கரைக் குறிவைத்தவை. இரு பக்கமும் சமக் குற்றவாளிகள் என்று பேசுவது எளிது. எண்கள் அப்படிச் சொல்வதில்லை. அதே சமயம், கத்தோலிக்கரை இழிவுபடுத்தும் பாட்டு ரேஞ்சர்ஸ் கேலரியில் ஒலித்தால், செல்டிக் கேலரியில் ஒரு பகுதி ஐரிஷ் குடியரசுப் படையான ஐ.ஆர்.ஏ.வின் ஆயுதப் போராட்டத்தைப் போற்றிக் கோஷமிட்டதும் உண்மை.

1995இல் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 16 வயதுப் பள்ளி மாணவன் பிரிட்ஜ்டனில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அவனுடைய பள்ளித் தோழி ஒருவர் 1999இல் தொடங்கிய ‘நில் பை மவுத்’ என்ற அமைப்பு மதப் பகைக்கு எதிராக இன்றும் பள்ளிகளில் வேலை செய்கிறது. 2011 மார்ச்சில் மூன்று சிவப்பு அட்டைகளும், செல்டிக் மேலாளருக்கும் ரேஞ்சர்ஸ் துணை மேலாளருக்குமான மோதலுமாக முடிந்த ஓர் ஆட்டத்துக்குப் பிறகு அரசே தலையிட்டது. கால்பந்து ஆட்டங்களில் வெறுப்பு நடத்தையைத் தண்டிக்கும் தனிச் சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. எது குற்றம் என்பது தெளிவில்லை, தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களையே போலீஸ் குறிவைக்கிறது என்ற எதிர்ப்பில் 2018இல் அச்சட்டம் ரத்தானது. அதே ஆண்டு ரேஞ்சர்ஸ் தன் மைதானத்தில் செல்டிக் ரசிகர்களுக்கான இடத்தை ஏழாயிரத்துக்கு மேலிருந்து ஏறத்தாழ 800ஆகக் குறைத்தது. செல்டிக்கும் பதிலுக்குக் குறைத்தது. 2023-24 பருவத்தில் எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாமல் இவ்விரு அணிகளின் லீக் ஆட்டங்கள் நடந்தன.

ரசிகரைத் தண்டிக்கும் வழியை அரசு முயன்று பார்த்துக் கைவிட்டது. கழகத்தைத் தண்டிக்கும் வழி ஐரோப்பாவில் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. தன் போட்டிகளில் ரசிகர் பாடும் வெறுப்புப் பாட்டுக்குக் கழகமே பொறுப்பு என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏயின் விதி. அதன்படி 2006இல் ரேஞ்சர்ஸுக்கும் 2011இல் செல்டிக்குக்கும் அபராதம். 2019இல் ஐப்ராக்ஸின் 3,000 இருக்கைகள் ஓர் ஆட்டத்துக்கு மூடப்பட்டன. ஸ்காட்லாந்து லீக்கில் அந்த விதி இல்லை. தடுக்க இயன்றதைச் செய்தோம் என்று காட்டினால் கழகம் தப்பிவிடலாம். இதை மாற்றும் யோசனை பலமுறை வந்தும் கழகங்கள் சம்மதிக்கவில்லை. வியாழக்கிழமை ஐரோப்பிய ஆட்டத்தில் பாடினால் இருக்கைகள் போகும் பாட்டை, ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில் பாடினால் கழகத்தின் கல்லாவில் ஒரு பென்னியும் குறைவதில்லை. அந்த விதியைக் கொண்டுவரலாமா என்று ஓட்டுப் போடவேண்டியவர்களும் அந்தக் கல்லாவின் சொந்தக்காரர்களே.